விடை தெரிந்தும் காத்திருப்பது: சிந்திக்கக் கற்றுக்கொடுப்பதன் அறம்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் குடிநீரைப் பற்றிப் பேச்செடுத்தால், "கொதிக்க வைத்து ஆற்றிக் குடித்தால் ஒன்றும் செய்யாது" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்கமாட்டார். வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் கிருமிகளைப் பொறுத்தவரை அந்த அறிவுரை முற்றிலும் சரியானது. ஆனால் இங்குள்ள பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் இருக்கும் சிக்கல் வேறு. நிலத்தடிப் பாறையிலிருந்து கரைந்து வரும் ஃப்ளோரைடு அது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஃப்ளோரைடு அப்படியே இருக்கும். நீர் ஆவியாகிக் குறைவதால் மிச்ச நீரில் அதன் செறிவு சற்றுக் கூடவும் செய்யும்.

"கொதிக்க வைத்த நீர் நல்லது" என்ற முடிவை மட்டும் மனத்தில் வைத்திருப்பவர் இந்த இடத்தில் நல்லெண்ணத்தோடேயே தவறிவிடுகிறார். கொதிக்க வைப்பது நீரில் எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்று கேட்டுப் பழகியவரோ, புதிய சிக்கல் வரும்போது பழைய அறிவுரையை எடுத்து உரசிப் பார்ப்பார். முன்னவருக்கு எதை நினைக்க வேண்டும் என்பது சொல்லப்பட்டிருக்கிறது. பின்னவர் எப்படி நினைப்பது என்று பழகியிருக்கிறார். இந்த இரண்டாவதை ஒருவர் இன்னொருவருக்குத் தர முடியுமா, தரும்போது அவர் எந்த அறத்துக்குக் கட்டுப்பட்டவர், அந்தச் செயல் ஏன் ஆன்மிகத்தின் எல்லையையும் தொடுகிறது என்பவற்றை, இதைப் பற்றி முதன்முதலாக யோசிக்கத் தொடங்குபவர்களுக்காக எழுதுகிறேன்.

நம் மரபு இதற்கென ஒரு சொல்லை வைத்திருக்கிறது: அளவை. நெல்லை அளக்கப் படியும் மரக்காலும் இருப்பதுபோல, ஒரு கூற்று மெய்யா என்று அளக்கவும் கருவி வேண்டும் என்பது அதன் கருத்து. சைவ சித்தாந்திகள் காண்டல், கருதல், உரை என்ற மூன்றை முதன்மையாகக் கொண்டார்கள். நேரில் காண்பது காண்டல். கண்டதை வைத்துக் காணாததை உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கவரின் சொல்லை ஏற்பது உரை. மணிமேகலைக் காப்பியத்தில், பல சமயத்தாரிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்டுமுடித்த மணிமேகலை இறுதியில் பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் வருகிறாள். அவர் தம் சமயத்தின் முடிவுகளை எடுத்தவுடன் அவள் கையில் கொடுத்துவிடவில்லை. முதலில் அளவைகளை விரிவாகக் கற்பிக்கிறார். எந்தெந்த வகையில் எல்லாம் அவை பிழைபடும் என்பதையும் சேர்த்தே கற்பிக்கிறார். மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு, அடுக்களையில் காண்பதைப் போல என்பது சரியான கருதல். தெரிவது ஆவியா பனியா என்ற ஐயம் தீராமலே அதைப் புகை என்று வைத்துக்கொண்டு நெருப்பைத் துணிவது பிழை. மார்கழி விடியலில் தருமபுரியிலிருந்து வத்தல்மலைப் பக்கம் பார்த்தவர்களுக்கு இந்தப் பிழை எவ்வளவு எளிதில் நேரும் என்பது தெரியும்.

தம் முடிவை ஏற்க வைப்பதற்கு முன்பே, அந்த முடிவையும் அளந்து பார்க்கக்கூடிய படியை மாணவியின் கையில் கொடுத்துவிடுகிறார் அடிகள். சிந்திக்கக் கற்றுக்கொடுத்தல் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. தாம் கொடுத்த படியால் தம்மையும் அளக்க விடாத ஆசிரியர் தம் முடிவைத்தான் வேறு உறையில் போட்டுத் தருகிறார்.

இந்த இடத்தில் ஒரு நுட்பமான ஆபத்து இருக்கிறது. அதைக் காட்டுவதற்குத் தருமபுரியிலேயே, அது தகடூராக இருந்த காலத்திலேயே, ஒரு நிகழ்ச்சி கிடைக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையாருக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். அவர் பாடியது புறநானூற்றில் 95ஆம் பாட்டாக இருக்கிறது. இங்குள்ள படைக்கருவிகள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல் மிக்க மனையில் இருக்கின்றன. எம் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் உலைக்கூடத்தில் கிடக்கின்றன என்பது அதன் சாரம். "போருக்கு வராதே" என்ற சொல் பாட்டில் எங்குமே இல்லை. இரண்டு காட்சிகளை அருகருகே வைத்துவிட்டு, கருதும் வேலையைக் கேட்பவனிடமே விட்டுவிடுகிறார்.

கேட்பவரையே யோசிக்க வைக்கும் இந்தத் திறம் வியப்புக்குரியது. ஆயினும் தொண்டைமான் எந்த முடிவுக்கு வர வேண்டும் என்பது ஔவையார் புறப்படும்போதே தீர்மானமாகிவிட்டது. தூதருக்கு அது அறம். தம் அரசனுக்காகப் பேசத்தான் அவர் சென்றிருக்கிறார், அது தொண்டைமானுக்கும் தெரியும். அதே உத்தியை வகுப்பறையில் ஒரு ஆசிரியர் கையாளும்போது நிலைமை மாறிவிடுகிறது. அவர் ஒரு தரப்பின் தூதர் என்பது குழந்தைக்குத் தெரியாது. பிறர் சொன்ன முடிவை நாம் ஓரளவாவது சந்தேகிப்போம். நாமே கண்டுபிடித்ததாக நம்பும் முடிவைச் சந்தேகிக்க நமக்குத் தோன்றுவதே இல்லை. ஆகவே, அடுத்தடுத்துக் கேள்வி கேட்டுத் தம் விடைக்கே மாணவரை நடத்திச் செல்லும் ஆசிரியர், வெளிப்படையாக உபதேசம் செய்பவரைவிட ஆழமாக ஒருவரைக் கட்டிப்போட முடியும். உபதேசம் செய்பவர் வாசலில் நின்று பேசுகிறார். இவரோ உள்ளே புகுந்து, மாணவரின் குரலிலேயே பேசிவிடுகிறார்.

கிரேக்கத்தில் சாக்ரடீஸ் தம் தொழிலுக்குச் சொன்ன உவமை இதற்கு ஒரு மாற்றாக எனக்குப் படுகிறது. அவருடைய தாய் ஒரு மருத்துவச்சி. தாமும் அதே வேலையைத்தான் செய்வதாகவும், பிறர் மனம் கருவுற்றிருப்பதை வெளியே கொண்டுவர உதவுவதாகவும் அவர் சொன்னார். மருத்துவச்சி வலியைப் பொறுத்துக்கொண்டு காத்திருக்கிறாள், பிறந்தது நலமாக இருக்கிறதா என்று பார்க்கிறாள், கை கழுவிவிட்டுத் தன் வீட்டுக்குப் போகிறாள். பிள்ளைக்கு உரிமை கொண்டாடுவதில்லை. இளைஞர்களைக் கெடுத்தார் என்ற குற்றச்சாட்டையும் சுமந்து அந்த மனிதர் கி.மு. 399இல் நஞ்சருந்த வேண்டியிருந்தது என்பதையும் இதோடு நினைவில் வைக்க வேண்டும். கேள்வி கேட்கப் பழக்குவது எந்த ஊரிலும் விளைவு இல்லாத வேலையாக இருந்ததில்லை.

இனி நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், பென்னாகரம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்திவந்தேன். எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சிரிக்கும்போதெல்லாம் வாயைக் கையால் மறைத்துக்கொள்வாள். அவளுடைய முன்பற்களில் சுண்ணாம்பு தீற்றியதுபோல் வெண்கோடுகளும், அவற்றின் குறுக்கே பழுப்பு நிறப் பட்டையும் இருந்தன. ஒருநாள் மற்றவர்கள் கிளம்பிய பிறகு நின்று கேட்டாள்: "சார், எவ்வளவு வெளக்குனாலும் இது போவவே மாட்டேங்குது. ஏன் சார்?"

எனக்கு விடை தெரியும். பல்லின் எனாமல் ஈறுக்குள் உருவாகும் சிறு வயதில், ஏறக்குறைய எட்டு வயது வரை, ஃப்ளோரைடு மிகுந்த நீரைக் குடித்தால் இப்படி ஆகும். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. முளைத்துவிட்ட பல்லை எந்தப் பல்பொடியும் மாற்றாது. இதைச் சொல்லி முடிக்க அரை நிமிடம் போதும். ஆனால் அவள் கேட்டது அவளுடைய சொந்தக் கேள்வி. பாடப்புத்தகம் கொடுக்காத, தேர்வு கேட்காத ஒரு கேள்வி ஒரு பிள்ளைக்குள் தானாக எழுவது அரிது என்பதால், அதை உடனே விடை சொல்லி மூடிவிட எனக்கு மனம் வரவில்லை. அதே சமயம், சான்று அவள் உடம்பில் இருக்கிறது. ஒரு குழந்தையின் கூச்சத்தை அவள் அனுமதியில்லாமல் பாடமாக்க யாருக்கும் உரிமை இல்லை. "இதை எல்லாருமாகச் சேர்ந்து கண்டுபிடிக்கலாமா?" என்று கேட்டேன். இரண்டு நாள் கழித்துச் சம்மதித்தாள். எல்லாருடைய பல்லையும் பார்க்க வேண்டும், தன்னுடையதை முதலில் பார்க்கக்கூடாது என்பது அவள் வைத்த நிபந்தனை.

பிள்ளைகள் முதலில் சொன்ன காரணங்கள் பலவாறாக இருந்தன. ஒழுங்காகப் பல் விளக்குவதில்லை என்றார்கள். கரித்தூளில் விளக்குவதால் என்றார்கள். பரம்பரையாக வருவது என்றார்கள். எதையும் நான் மறுக்கவில்லை. ஒரு நோட்டில் கோடு போட்டு, யாருக்குக் கறை இருக்கிறது, எதில் பல் விளக்குகிறார்கள், சிறு வயதில் எந்தத் தண்ணீர் குடித்தார்கள் என்று எழுதிவந்தார்கள். இரண்டாம் வாரத்தில் அந்தச் சிறுமியே தன் தங்கையை அழைத்துவந்து நிறுத்தினாள். ஒரே வீடு, ஒரே பல்பொடி, ஒரே தாய் தந்தை; தங்கையின் பற்கள் வெள்ளையாக இருந்தன. பரம்பரை என்ற காரணமும் பல்பொடி என்ற காரணமும் அந்த ஒரு நொடியில் ஆட்டம் கண்டன. வகுப்பு அப்படியே அடங்கிப்போயிற்று. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "இவ கைக்கொழந்தையா இருக்கறப்பவே ஒகேனக்கல் தண்ணி வந்துடுச்சு." இரு மாவட்டங்களுக்கும் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஃப்ளோரைடு பாதிப்பைக் குறைப்பதற்கென்றே ஜப்பானியக் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. அந்தக் குழாய்க்கு முன்னே ஒருத்தியும் பின்னே ஒருத்தியுமாக அக்காளும் தங்கையும் வளர்ந்திருந்தார்கள்.

இதுவரை எல்லாம் நன்றாகவே நடந்தது. அப்போது ஒரு பையன் எழுந்து, "நான் போர் தண்ணிதான் சார் குடிக்கிறேன், எனக்கு ஒண்ணும் இல்லையே?" என்றான். அவர்கள் வீடு ஊருக்கு வெளியே காட்டுக்குள் இருந்தது. குழாய் அங்கே போயிருக்கவில்லை. நான், "எல்லாவற்றுக்கும் விதிவிலக்கு இருக்கும்" என்று சொல்லி அவனை உட்கார வைத்துவிட்டு, மற்றவர்களைத் தண்ணீர் என்ற முடிவுக்கு அழைத்துச் சென்றேன். பாடம் அழகாக முடிந்தது. அந்தப் பையன் அடுத்த சில நாள்கள் வகுப்பில் வாய் திறக்கவில்லை.

ரேஷன் கடை வரிசையில் அவனுடைய தாயைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கணவனும் மனைவியுமாகத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்திருக்கிறார்கள். பையன் எட்டு வயது வரை அங்கேதான் வளர்ந்திருக்கிறான். அவன் விதிவிலக்கே இல்லை. கறையைத் தீர்மானிப்பது இன்று குடிக்கும் நீர் அன்று, பல் உருவான வயதில் குடித்த நீர் என்பதற்கு அந்த வகுப்பிலேயே அவன்தான் சிறந்த சான்று. நான் அடைய வைத்த விடை சரி. நடந்துகொண்ட விதம் தவறு. முடிவுக்கு ஒத்துவராத உண்மை வந்தால் அதை ஓரமாக உட்கார வைத்துவிடலாம் என்ற பாடத்தை நாற்பது கண்கள் பார்க்க நடத்திக்காட்டியிருக்கிறேன். தூதர் வேலையைச் செய்துவிட்டு ஆசிரியர் வேலை என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறேன். மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் நடந்ததைச் சொன்னேன். பையன் கோபப்படவில்லை. "நீங்க அப்பவே என்னைக் கேட்டிருக்கலாம்ல சார்?" என்று மட்டும் கேட்டான்.

ஏன் கேட்கவில்லை என்று யோசித்துப் பார்க்கும்போதுதான் இந்தப் பொருளின் ஆன்மிகப் பக்கம் எனக்கு விளங்கியது. அவசரம் ஒரு காரணம். அதற்கு அடியில் இருந்தது பற்று. என் பாடம், என் விடை, நான் திட்டமிட்ட முடிவு. வள்ளுவர் 'யான் எனது என்னும் செருக்கு' என்று சொன்னதைப் பொருளாசையோடும் உறவோடும் மட்டுமே நாம் பொருத்திப் பார்க்கிறோம். கருத்தின் மேல் வரும் 'எனது' அவற்றைவிட மெல்லியது; துறவிகளிடமும் அறிஞர்களிடமும் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கக் கூடியது. சிந்திக்கக் கற்றுக்கொடுக்கிறேன் என்று ஒருவர் இறங்கினால், ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளை எழுந்து அந்தப் பற்றைத் தொட்டுப் பார்க்கும். தியானத்தில் அமர்பவருக்குத் தம் மனம் தருகிற சோதனையை இவருக்கு வகுப்பு தந்துவிடுகிறது.

இந்தப் பற்றை வெளிப்படையாக அறுத்துக்காட்டியவர்களில் ஜே. கிருஷ்ணமூர்த்தியைச் சொல்ல வேண்டும். உலக ஆசானாக வரப்போகிறவர் என்று தம்மைச் சுற்றி எழுப்பப்பட்ட அமைப்பை, 1929 ஆகஸ்ட் 3 அன்று நெதர்லாந்தின் ஓம்மென் நகரில், அதன் தலைவர் என்ற நிலையிலிருந்தே அவர் கலைத்தார். ஆயினும் பின்பற்றாதீர்கள் என்று சொன்னவரையும் பலர் பக்தியோடு பின்பற்றினார்கள் என்பதைப் பார்க்கும்போது, அமைப்பைக் கலைப்பது மட்டும் போதாது என்றே எனக்குத் தோன்றுகிறது. குருவின் செல்வாக்கு குறைவது நாள்தோறும் சிறு செயல்களில் நடக்க வேண்டியிருக்கிறது.

அத்தகைய சிறு செயல்களில் முதன்மையானது மௌனம். கல்லால மரத்தடியில் அமர்ந்து சனகாதி முனிவர் நால்வருக்கும் பேசாமலே உணர்த்திய தட்சிணாமூர்த்தியை நம் கோயில்களின் தென்சுவரில் பார்க்கிறோம், வியாழக்கிழமை விளக்கேற்றுகிறோம். அந்த மௌனத்தின் எளிய வடிவம் ஒன்று வகுப்பறையிலும் உண்டு. அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் மாணவருக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று அளந்து, அது பெரும்பாலும் ஒரு நொடியளவே என்று கண்டார். மூன்று நொடியாவது காத்திருந்தபோது பதில்கள் நீண்டன. வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடி என்பது எழுதும்போது சிறிதாகத் தெரிகிறது. விடையை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு இருபது முகங்களுக்கு முன்னால் வாயை மூடியிருக்கும்போது அது மிக நீளமானது. நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியர் பாடம் சொல்லும் முறையைக் கூறுமிடத்தில் 'விரையான் வெகுளான்' என்று இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறது. விரைவும் வெகுளியும் ஒரே வேரிலிருந்து வருபவை என்று நன்னூலை இயற்றிய பவணந்தியார் அறிந்திருக்க வேண்டும்.

காத்திருப்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் எட்டிப் பார்க்கும் குழந்தையிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பவர் ஆசிரியரே இல்லை. சிலவற்றைக் காண்டலாலும் கருதலாலும் பிள்ளைகள் எட்டவே முடியாது. நீரில் ஃப்ளோரைடு எவ்வளவு என்பது கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. எங்கள் பிள்ளைகள் போர் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பித்தான் அதை அறிந்தார்கள். அது உரை. ஆய்வகத்தின் சொல்லை ஏன் நம்பலாம் என்று ஒரு பையன் கேட்டபோது, வேறொருவர் அதே நீரை வேறொரு நாளில் சோதித்தாலும் அதே எண் வர வேண்டும் என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பிணை என்று விளக்கினேன். எவர் சொல்லையும் நம்பாதே என்று கற்றுக்கொடுப்பது சிந்திக்கக் கற்றுக்கொடுப்பது ஆகாது; நம்பிக்கையை எங்கே, எவ்வளவு வைப்பது என்பதும் சிந்தனையின் பகுதிதான்.

இன்னொன்று எனக்கு நெஞ்சை உறுத்துவது. கேள்வி கேட்கப் பழகிய பிள்ளை இரவு தன் வீட்டுக்குத்தான் போகிறது. இந்த மாவட்டங்களில் பதினெட்டு நிரம்பாத பெண்களுக்கு மணம் முடிக்கும் வழக்கம், 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்துக்குப் பின்னும் முழுதாக ஒழியவில்லை. "ஏன்?" என்று கேட்க ஒரு பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு வருகிறோம். அந்த "ஏன்" அவள் வீட்டு அடுக்களையில் எழும்போது நாம் அங்கே இருப்பதில்லை. விழுகிற அடி அவள் மேல் விழுகிறது. ஆகவே கேள்வியைக் கொடுப்பவர் அவளுடைய வீட்டையும் அறிந்திருக்க வேண்டும், தாயிடமும் பாட்டியிடமும் மரியாதையோடு பேசிப் பழகியிருக்க வேண்டும், தேவைப்பட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கவும் பின்வாங்கக்கூடாது. பாட்டி சொல்வதை எல்லாம் மூடநம்பிக்கை என்று எள்ளக் கற்றுக்கொடுப்பவர் பிள்ளைக்குச் சிந்தனையைத் தரவில்லை; ஒரு கூட்டத்திலிருந்து பிரித்து இன்னொரு கூட்டத்தில் சேர்க்கிறார். பாட்டியின் சொல்லையும் அதே படியால் அளக்கட்டும். சில நேரம் படி நிரம்பிவிடும்.

ஒருவருக்கு வந்து சேரும் அறிவில் ஆசிரியரின் பங்கு எவ்வளவு என்பதற்கு நன்னூல் ஒரு கணக்குச் சொல்கிறது. ஆசான் உரைத்ததை நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவருக்குக் கிட்டுவது கால் பங்குதான். உடன் பயில்வோரோடு பழகிப் பயில்வதில் இன்னொரு கால். எஞ்சிய அரைப்பங்கு, தாம் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதே வருகிறது. நோட்டை மூடி ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் மாலை அந்தச் சிறுமியின் தெரு வழியாக வந்தேன். அடுத்த வீட்டுத் திண்ணையில் ஒரு பெண் கைக்குழந்தைக்கு ராகிக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். சிறுமி எதிரே குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். இடது கை வழக்கம்போல் வாய்க்கு அருகிலேயே இருந்தது. வகுப்பில் நாங்கள் யாரும் ஒருமுறைகூடக் கேட்டிராத ஒன்றை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்: "குடிக்கக் குழாத் தண்ணி குடுக்கறீங்க, சரி அத்தை. கஞ்சி எந்தத் தண்ணியில காய்ச்சுறீங்க?"